அமெரிக்காவில் வேரூன்றுமா பார்முலா-1?

2005-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரப் பந்தயத் திடலில் சுமார் ஒரு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். பார்முலா-1 கார் பந்தயம் தொடங்க வேண்டிய நேரம்.

20 கார்கள் அணிவகுத்து ஒரு சுற்று வந்தன. பந்தயத்துக்கு முன் வழக்கமாக நடக்கும் சுற்றுதான் அது. சுற்று முடியும் நேரத்தில் யாரும் எதிர்பாராத காரியம் நடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக 14 கார்கள் பாதையை விட்டு விலகித் தங்கள் கொட்டகைகளுக்குள் போய் நின்றுவிட்டன. மிச்சம் இருந்தவை ஆறே ஆறு கார்கள். அந்த ஆறும் காலியான பாதையில் 73 சுற்றுகள் ஓடின.

ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். பாதையில் பாட்டில்கள் வந்து விழுந்தன. பந்தயம் முடியும்வரை காத்திராமல் பலர் எழுந்து போய்விட்டார்கள்.

அன்று 4-வதாக வந்தவர் கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். பார்முலா-1 பந்தயத்தில் புள்ளிகள் பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமை அன்றுதான் அவருக்குக் கிடைத்தது. பெற்ற புள்ளிகள் 5. நம் நாட்டு ரசிகர்களுக்கு அது மறக்க முடியாத நாள். அமெரிக்க ரசிகர்களுக்கும் மறக்க முடியாத நாள்தான். ஆனால் அவர்கள் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் வேறு!

டயரால் வந்த வினை

நடந்தது இதுதான். அந்த 14 கார்களிலும் மிஷ்லென் கம்பெனி டயர்கள் பூட்டப்பட்டிருந்தன. இண்டியானாபோலிஸ் பாதையின் கடைசி வளைவு ஒரு பக்கம் சரிந்து உயர்ந்தது. கார்கள் வேகத்தைக் குறைக்காமல் அதில் பாய்ந்து வரும். வெள்ளிக்கிழமை நடந்த பயிற்சியின்போது, அந்த இடத்தில் டயர் பழுதாகி ரால்ப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. 'எங்கள் டயர்கள் முழுப் பந்தயத்துக்கும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது' என்று கம்பெனியே கைவிரித்துவிட்டது. பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றக் கூடாது என்பது அந்த ஆண்டு விதி.

வளைவுக்கு முன்னால் ஒரு தடுப்பு அமைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்று அணிகள் யோசனை கூறின. உலக மோட்டார் சம்மேளனம் மறுத்துவிட்டது. 'டயர் தாங்காது என்றால் வளைவில் மெதுவாகப் போங்கள்' என்பது சம்மேளனத்தின் பதில். இரு தரப்பும் இறங்கி வரவில்லை. நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள், காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, தொலைதூரத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ரசிகர்கள்தான். டிக்கெட் பணத்தை டயர் கம்பெனி பிறகு திருப்பிக் கொடுத்தது. ஆனால் போன நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. 2007-ம் ஆண்டோடு இண்டியானாபோலிஸில் பார்முலா-1 முடிந்தது.

ஐரோப்பாவிலும், பிரேசிலிலும், ஜப்பானிலும் கொண்டாடப்படும் பந்தயம் இது. அமெரிக்காவோ கார் இல்லாமல் வாழ்க்கையே இல்லை என்னும்படியான நாடு. அங்கே பணத்துக்கும் பஞ்சமில்லை. பந்தயம் பார்க்கும் கூட்டத்துக்கும் பஞ்சமில்லை. அப்படி இருந்தும் 70 ஆண்டுகளாக பார்முலா-1 அங்கே நிலைத்து நிற்கத் திண்டாடியது ஏன்?

அவர்களுக்கென்று ஒரு பந்தயம்

முதல் காரணம், அமெரிக்கர்களுக்குச் சொந்தமாகவே ஒரு பந்தயக் கலை இருப்பது.

இண்டியானாபோலிஸ் திடல் 1909-ல் கட்டப்பட்டது. சுற்றளவு இரண்டரை மைல். சுமார் 32 லட்சம் செங்கல்களைப் பரப்பி அதன் தளத்தை அமைத்தார்கள். இன்றும் அங்கே தொடக்கக் கோட்டில் மூன்றடி அகலத்துக்கு அந்தச் செங்கல் வரிசையைக் காணலாம். 1911-ல் அங்கே முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. அதாவது, பார்முலா-1 உலக சாம்பியன் போட்டி தொடங்குவதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பே!

தெற்கு மாநிலங்களில் வேறொரு பந்தயம் வளர்ந்தது. கடையில் விற்கும் கார்களைப் போலத் தோற்றமுள்ள கார்களை வைத்து நடத்தும் 'நாஸ்கார்' பந்தயம் அது. 1948-ல் இந்த அமைப்பு தொடங்கியது. 1959-ல் டேடோனா 500 மைல் பந்தயம் வந்தது. 1979-ல் அந்தப் பந்தயம் முதன்முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரடியாக டெலிவிஷனில் காட்டப்பட்டது. அன்று நாட்டின் கிழக்குப் பகுதியில் கடும் பனி. ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த இரண்டு கார்கள் மோதிக்கொண்டு நின்றன. ஓட்டுநர்கள் இறங்கிக் கைகலப்பில் இறங்கினார்கள். அதைப் பார்த்த கூட்டம் நாஸ்காரின் ரசிகர் கூட்டமாகவே ஆகிவிட்டது.

இந்த இரண்டு பந்தயங்களும் பெரும்பாலும் வட்டப் பாதையில் நடப்பவை. மேடையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுப் பாதையும் தெரியும். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு விபத்து நடந்தால் மஞ்சள் கொடி காட்டப்படும். எல்லாக் கார்களும் ஒன்றுகூடி மறுபடி ஓட்டம் தொடங்கும். யார் வெல்வார் என்பது கடைசிச் சுற்று வரை தெரியாது.

பார்முலா-1 அப்படியல்ல. பாதை இடமும் வலமும் வளைந்து, மேடேறி இறங்கிச் செல்லும். உட்கார்ந்த இடத்தில் ஒன்றிரண்டு வளைவுகள்தான் தெரியும். கார்கள் பறந்துவிடும், அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைக்க வேண்டும் என்பதால், ஓட்டுநரின் திறமையோடு பொறியாளரின் மூளையும் சேர்ந்துதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஒரு ஆண்டில் ஒரு அணி நல்ல கார் செய்துவிட்டால், அந்த ஆண்டு முழுவதும் அதே அணி வெல்வதும் உண்டு. ஐரோப்பிய ரசிகர் இதை நுட்பம் என்று ரசிப்பார். அமெரிக்க ரசிகரோ, 'முடிவு தெரிந்த பந்தயத்தை எதற்காகப் பார்ப்பது?' என்று கேட்பார்.

நேரமும் ஒத்துவரவில்லை. ஐரோப்பாவில் பிற்பகலில் நடக்கும் பந்தயம் நியூயார்க்கில் காலைப் பொழுது, கலிபோர்னியாவில் விடியற்காலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து பார்ப்பதற்கு ஒருவர் ஏற்கெனவே ரசிகராக இருந்தாக வேண்டும்.

ஏட்டில் மட்டும் உறவு

தொடக்கத்தில் இந்த இரண்டு உலகங்களையும் இணைக்க ஒரு முயற்சி நடந்தது. 1950 முதல் 1960 வரை இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தையும் உலக சாம்பியன் போட்டிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஏட்டளவில் அது உறவு. நடைமுறையில், ஐரோப்பிய வீரர்கள் அங்கே வரவில்லை. அமெரிக்க வீரர்கள் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வராத கல்யாணம் போல அது நடந்தது. 1952-ல் இத்தாலியின் மாவீரர் ஆல்பெர்டோ அஸ்காரி பெராரி காருடன் அங்கே வந்தார். 40-வது சுற்றில் சக்கரம் பழுதாகி விலகினார்.

அமெரிக்க மண்ணில் முறையான கிராண்ட் பிரீ பந்தயம் 1959-ல் புளோரிடாவின் செப்ரிங்கில் நடந்தது. 22 வயது புரூஸ் மெக்லாரன் வென்றார். அன்று சாம்பியன் பட்டத்தைக் கைப்பற்றிய ஜாக் பிரபாம், கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்து, காரைக் கையால் தள்ளிக்கொண்டு வந்து 4-வதாக முடித்தார். இவ்வளவு விறுவிறுப்பு இருந்தும் அடுத்த ஆண்டு பந்தயம் அங்கே நடக்கவில்லை. 1960-ல் கலிபோர்னியாவின் ரிவர்சைடுக்குப் போனது. அங்கும் ஒரே ஆண்டுதான்.

ஊர் ஊராக அலைந்த கதை

1961-ல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் என்ற சிற்றூர் பந்தயத்தை ஏற்றுக்கொண்டது. 20 ஆண்டுகள் அங்கே நடந்தது. இலையுதிர் காலத்தில் ஏரிக்கரையோரத்துக் குன்றுகளில் கூடாரம் அடித்துத் தங்கிப் பார்க்கும் கூட்டம் ஒன்று உருவாகியது. பரிசுத் தொகையும் தாராளமாக இருந்ததால் அணிகள் விரும்பி வந்தன. அமெரிக்காவில் பார்முலா-1 வேர் பிடித்தது என்று சொன்னால், அது அங்கேதான்.

ஆனால் கார்களின் வேகம் கூடிய அளவுக்குப் பாதையின் பாதுகாப்பு கூடவில்லை. 1973-ல் பிரான்சின் பிரான்சுவா செவெர், 1974-ல் ஆஸ்திரியாவின் ஹெல்முட் கோய்னிக் ஆகிய இரண்டு இளம் வீரர்கள் அங்கே உயிரிழந்தனர். கடனும் சேர்ந்தது. 1980-ம் ஆண்டுப் பந்தயமே அங்கு கடைசியாக முடிந்தது.

அதற்கு முன்பே பெரிய நகரங்களின் பக்கம் பார்முலா-1 பார்வையைத் திருப்பியிருந்தது. 1976 முதல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரத் தெருக்களில் பந்தயம் நடந்தது. மக்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் ஆண்டுக்காண்டு செலவு ஏறியது. 1983-க்குப் பிறகு நடத்தியவர்கள் கணக்குப் பார்த்தார்கள். பார்முலா-1-ஐ விட்டுவிட்டு, அமெரிக்காவின் சொந்த இண்டி கார்களை அழைத்துக்கொண்டார்கள். தெருவும் கூட்டமும் அப்படியே இருந்தன. கார் மட்டும் மாறியது. அந்தப் பந்தயம் லாங் பீச்சில் அதன்பின் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

1981-லும் 1982-லும் லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட ஓட்டலின் கார் நிறுத்துமிடத்திலேயே பாதை போட்டு உலகப் பந்தயத்தை நடத்தினார்கள்! 1982-ல் லாங் பீச், டெட்ராய்ட், லாஸ் வேகாஸ் என ஒரே ஆண்டில் மூன்று பந்தயங்கள். 1984-ல் டல்லஸ் நகரம் சேர்ந்தது. ஜூலை மாத வெயிலில் நடந்த அந்தப் பந்தயத்தில் தார் இளகிப் பாதை பெயர்ந்து வந்தது. எல்லைக் கோட்டை நோக்கிக் காரைத் தள்ளிக்கொண்டு வந்த இங்கிலாந்து வீரர் நைஜல் மான்செல் மயங்கி விழுந்தார். டல்லஸுக்கு அதுவே முதலும் கடைசியும். டெட்ராய்ட் 1988-ல் முடிந்தது. அரிசோனா பாலைவன நகரான பீனிக்ஸ் 1989 முதல் 1991 வரை மூன்று ஆண்டு தாக்குப் பிடித்தது. 1992 முதல் 1999 வரை அமெரிக்காவில் பந்தயமே இல்லை.

இந்த அலைச்சலுக்கு அடியில் இருப்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. பந்தயத்தை நடத்தும் ஊர், பார்முலா-1 நிர்வாகத்துக்குப் பெரிய தொகையைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும். நடத்துபவருக்கு முக்கியமாக மிஞ்சுவது டிக்கெட் வசூல். வேறு பல நாடுகளில் அரசாங்கமே தேசப் பெருமைக்காகப் பணம் போடுகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் தனியார்தான் நடத்தியாக வேண்டும். லாபம் வராவிட்டால் இழுத்து மூட வேண்டும். புது ஊரில் கூட்டம் சேர்ந்து பழக நாலைந்து ஆண்டாவது ஆகும். அதற்குள் கடன் முந்திக்கொள்கிறது. நாற்று ஊன்றிய சில நாளில் பிடுங்கி வேறு வயலில் நட்டால் பயிர் எப்படி வளரும்?

நம்ம ஊர்ப் பிள்ளை எங்கே?

எந்த விளையாட்டுக்கும் கூட்டம் சேர்ப்பவர் சொந்த ஊர் வீரர். பார்முலா-1 போட்டியில் அமெரிக்கர் சாம்பியன் ஆனது இரண்டே தடவை.

முதலாமவர் பில் ஹில். 1961-ல் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் வென்று பட்டம் பெற்றார். ஆனால் அதே பந்தயத்தில் அவருடைய அணித் தோழர் வான் டிரிப்ஸும் பார்வையாளர் பலரும் விபத்தில் மாண்டனர். துக்கத்தில் இருந்த பெராரி அணி அடுத்து நடந்த அமெரிக்கப் பந்தயத்துக்கு வரவில்லை. முதல் அமெரிக்க சாம்பியனை, அவர் சாம்பியனான அந்த ஆண்டில், சொந்த நாட்டு ரசிகர்கள் ஓட்டக் காண முடியாமல் போயிற்று.

இரண்டாமவர் மரியோ ஆண்ட்ரெட்டி. அவருடைய கதை ஒரு சினிமாவுக்குச் சமம். 1940-ல் அன்றைய இத்தாலியின் மொண்டோனாவில் பிறந்தவர். போருக்குப் பின் ஊர் யுகோஸ்லாவியாவுக்குப் போய்விட, குடும்பம் அகதி முகாமில் வாழ்ந்தது. 1954-ல் 14 வயது மரியோவும் இரட்டைச் சகோதரர் ஆல்டோவும் மோன்சா பந்தயத்தைப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெய்வமாகத் தெரிந்தவர், முன்பு இண்டியானாபோலிஸில் தோற்றுத் திரும்பிய அதே அஸ்காரி. மறு ஆண்டு குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது.

பென்சில்வேனியாவின் மண் பாதைகளில் ஓட்டத் தொடங்கிய மரியோ, 1967-ல் டேடோனா பந்தயத்தையும் 1969-ல் இண்டியானாபோலிஸ் பந்தயத்தையும் வென்றார். 1968-ல் வாட்கின்ஸ் கிளெனில் ஓட்டிய முதல் பார்முலா-1 பந்தயத்திலேயே தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். 1977-ல் லாங் பீச்சில் வென்றார். அமெரிக்க மண்ணில் நடந்த கிராண்ட் பிரீயை வென்ற ஒரே அமெரிக்கர் அவரே. 1978-ல் உலக சாம்பியன் ஆனார். அந்த ஆண்டு ஹாலந்தில் அவர் பெற்ற வெற்றிதான் பார்முலா-1-ல் அமெரிக்கர் ஒருவர் பெற்ற கடைசி வெற்றி.

அதன் பின் வந்தவர்களுக்குக் காற்று சாதகமாக வீசவில்லை. மரியோவின் மகன் மைக்கேல், அமெரிக்காவில் சாம்பியன். 1993-ல் மெக்லாரன் அணிக்குப் போனார். மோன்சாவில் 3-வதாக வந்ததோடு ஆண்டு முடியும் முன்பே ஊர் திரும்பினார். அலெக்சாண்டர் ரோசி 2015-ல் கடைசி நிலையில் இருந்த ஓர் அணியில் ஐந்து பந்தயங்கள் ஓட்டினார். அடுத்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி 2016-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தையே வென்றார்! புளோரிடாவின் லோகன் சார்ஜெண்ட் 2023-ல் வில்லியம்ஸ் அணியில் சேர்ந்தார். ஒரே ஒரு புள்ளி பெற்றார். 2024-ம் ஆண்டின் நடுவிலேயே நீக்கப்பட்டார்.

திறமை இல்லை என்பதல்ல காரணம். பார்முலா-1-க்கான படிக்கட்டு ஐரோப்பாவில் இருக்கிறது. சிறுவயதிலேயே சிறு கார்களில் தொடங்கி, வீட்டை விட்டுப் பிரிந்து, பெரும் பணம் செலவழித்து அங்கே படிப்படியாக ஏற வேண்டும். உள்ளூரிலேயே நல்ல சம்பளமும் புகழும் கிடைக்கும்போது அமெரிக்க இளைஞர் எதற்காகப் போக வேண்டும்? போக விரும்பியவருக்கும் விதி குறுக்கே நிற்கிறது. இண்டி கார் பந்தயங்கள் பலவற்றில் வென்ற கால்டன் ஹெர்டாவை 2023-ம் ஆண்டுக்கு ஒரு பார்முலா-1 அணி அழைத்தது. உரிமத்துக்கு வேண்டிய புள்ளிகள் போதவில்லை என்று அனுமதி மறுக்கப்பட்டது. உள்ளூர் வெற்றிகளுக்கு ஐரோப்பிய நாணயத்தில் மதிப்புக் குறைவு!

கதை கேட்ட ஜனங்கள்

2012-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் பார்முலா-1-க்கென்றே கட்டிய திடல் திறக்கப்பட்டது. மாநில அரசின் உதவியும் கிடைத்தது. இனி அலைய வேண்டியதில்லை என்ற நிம்மதி பிறந்தது. ஆனால் பெரிய மாறுதல் அதற்கும் பிறகுதான் வந்தது.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் லிபர்ட்டி மீடியா கம்பெனி பார்முலா-1-ஐ விலைக்கு வாங்கியது. 2019-ல் நெட்பிளிக்ஸ் இந்தப் பந்தயத்தைப் பற்றி ஒரு தொடரை வெளியிட்டது. அதில் கார்களைவிட மனிதர்களே அதிகம் தெரிந்தார்கள். வென்றவரைக் காட்டிலும் தோற்றவரின் முகம், வேலை போகுமோ என்று பயப்படும் வீரர், கடைசி வரிசை அணியின் மேலாளர் போடும் சத்தம் என்று ஒரு குடும்பக் கதை போலத் தொடர் போயிற்று. 2016-ல் அமெரிக்கத் தொழிலதிபர் ஜீன் ஹாஸ் தொடங்கிய அணி ஒரு பந்தயமும் வென்றதில்லை. ஆனால் அதன் மேலாளர் குந்தர் ஸ்டைனர் இந்தத் தொடரால் வீட்டுக்கு வீடு தெரிந்தவர் ஆனார்.

பந்தய விதியே அறியாதவர்கள், முக்கியமாகப் பெண்களும் இளைஞர்களும், ஞாயிறு காலையில் எழுந்து பார்க்கத் தொடங்கினார்கள். 2018-ல் ஒரு பந்தயத்தை அமெரிக்க டெலிவிஷனில் பார்த்தவர்கள் சராசரி 5 லட்சத்து 54 ஆயிரம் பேர். 2022-ல் அது 12 லட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டு ஆஸ்டினில் மூன்று நாளில் 4 லட்சத்து 40 ஆயிரம் பேர் கூடினார்கள். 2022-ல் மயாமியிலும் 2023-ல் லாஸ் வேகாஸிலும் புதுப் பந்தயங்கள் தொடங்கின. 41 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி ஒரே ஆண்டில் மூன்று பந்தயங்கள்! 2025-ல் பிராட் பிட் நடித்த 'எப்-1' திரைப்படம் உலகெங்கும் வசூலைக் குவித்தது. 2026 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அமெரிக்க ஒளிபரப்பு உரிமையை ஆப்பிள் கம்பெனி பெற்றது.

வெளிச்சத்தின் அடியில்

ஆனாலும் பழைய கேள்வி போய்விடவில்லை.

2023 நவம்பரில் லாஸ் வேகாஸில் என்ன நடந்தது என்று பார்ப்போம். பல கோடி டாலர் செலவழித்து, புகழ்பெற்ற ஓட்டல் வீதியிலேயே பாதை அமைத்திருந்தார்கள். முதல் நாள் இரவு பயிற்சி தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. சாலையில் இருந்த தண்ணீர்க் குழாய் மூடி ஒன்று பெயர்ந்து, கார்லோஸ் சாய்ன்ஸின் பெராரி காரின் அடிப்பாகத்தை நாசமாக்கியது. பயிற்சி நிறுத்தப்பட்டது. மூடிகளைச் சரி செய்து மறுபடி தொடங்கும்போது அதிகாலை 2.30 மணி. அதற்குள் ரசிகர்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்! அன்றைக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவர்களுக்கு, பந்தய நினைவுப் பொருள் கடையில் செலவழிக்க 200 டாலர் சீட்டு கொடுத்தார்கள். இண்டியானாபோலிஸ் பாடத்தை முழுவதும் படித்ததாகத் தெரியவில்லை.

உள்ளூர்க்காரர்களின் குறை வேறு. பார்வையாளர் மேடைக்காக, ஓட்டல் நீரூற்று முன்னால் நின்ற மரங்கள் வெட்டப்பட்டன. மாதக்கணக்கில் சாலைகள் தோண்டப்பட்டன. ஓட்டல்களில் வேலை செய்யும் தொழிலாளர்கள் வேலைக்குப் போய்ச் சேரவே பெரும்பாடு பட்டார்கள். டிக்கெட் விலையோ சாமானியர் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில். சனிக்கிழமை இரவு நடந்த பந்தயம் என்னவோ நன்றாகவே இருந்தது. ஆனால் அதைப் பார்க்கும் வசதி யாருக்கு என்பதுதான் கேள்வி.

இன்னொரு ஆபத்து, ஒருவரே வெல்வது. 2023-ல் நடந்த 22 பந்தயங்களில் 19-ஐ மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் வென்றார். அமெரிக்க டெலிவிஷன் ரசிகர் எண்ணிக்கை அந்த ஆண்டு சற்றுச் சரிந்தது. கதை கேட்க வந்தவர், கதை சுவாரசியம் குறைந்தால் எழுந்து போய்விடுவார். அதே சமயம் 2025-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தை டெலிவிஷனில் பார்த்தவர்கள் சுமார் 70 லட்சம் பேர். பழைய வீட்டுப் பந்தயத்தின் பலம் இன்னும் குறைந்துவிடவில்லை.

ஆண்ட்ரெட்டிக்கே கதவடைப்பு

வேர் பிடிப்பதற்கான வாய்ப்பு ஒன்று தானாகவே வந்து கதவைத் தட்டியது. மைக்கேல் ஆண்ட்ரெட்டி, ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் பெயரோடு ஓர் அமெரிக்க அணியைத் தொடங்க மனுச் செய்தார். 2023 அக்டோபரில் உலக மோட்டார் சம்மேளனம் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் 2024 ஜனவரியில் பார்முலா-1 நிர்வாகம் மறுத்துவிட்டது. வருமானத்தை இன்னொரு பங்காளியோடு பிரித்துக்கொள்ள ஏற்கெனவே இருந்த பத்து அணிகளில் பலவற்றுக்கும் விருப்பமில்லை. அமெரிக்காவுக்குக் கடைசி உலக சாம்பியனைத் தந்த குடும்பத்துக்கே வாசலில் இந்த மரியாதை!

விஷயம் வாஷிங்டன் வரை போயிற்று. நாடாளுமன்ற உறுப்பினர்கள் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். மைக்கேல் பொறுப்பிலிருந்து விலகினார். பிறகு ஜெனரல் மோட்டார்ஸே முன்னின்று கேட்டபோது கதவு திறந்தது. 2025 மார்ச்சில் இறுதி ஒப்புதல் வந்தது. 2026 பருவத்துக்கு 11-வது அணியாகக் கேடிலாக் சேர்க்கப்பட்டது. 80 வயதைக் கடந்த மரியோவுக்கு அணியின் இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தது.

ஆனால் அந்த அணி தேர்ந்தெடுத்த முதல் இரண்டு ஓட்டுநர்கள் மெக்சிகோவின் செர்ஜியோ பெரஸும், பின்லாந்தின் வால்டேரி போட்டாஸும். என்ஜின் இத்தாலியின் பெராரியுடையது. சொந்த என்ஜின் வரச் சில ஆண்டுகள் ஆகும். முன்பு அனுமதி மறுக்கப்பட்ட கால்டன் ஹெர்டா அங்கே சோதனை ஓட்டுநர். புள்ளிகள் சேர்ப்பதற்காக, அமெரிக்காவில் முன்னணி வீரரான அவர் கீழ்ப் படியான பார்முலா-2 பந்தயத்துக்கு இறங்கிப் போக முடிவு செய்தார். சொந்த ஊர் வீரர் வேண்டும் என்ற தாகம் அந்த அளவுக்கு இருக்கிறது.

நமக்கும் தெரிந்த பாடம்

தில்லிவாழ் தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. 2011-ல் கிரேட்டர் நொய்டாவில் அருமையான திடல் கட்டி, முதல் இந்தியன் கிராண்ட் பிரீயை நடத்தினார்கள். நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டினார். ஆரவாரத்துக்குக் குறைவில்லை. இது விளையாட்டா, கேளிக்கையா, எந்த வரி போடுவது என்ற வழக்கிலும் பணத் தகராறிலும் சிக்கி, 2013-ம் ஆண்டோடு மூன்றே பந்தயங்களில் அது முடிந்தது. திடல் இருந்தது, பந்தயம் போய்விட்டது.

அமெரிக்காவுக்கு இப்போது கிடைத்திருப்பது அவகாசம். மயாமி பந்தயத்துக்கு 2041-ம் ஆண்டு வரை ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். இவ்வளவு நீண்ட உறுதிமொழி இதற்கு முன் எந்த அமெரிக்க ஊருக்கும் கிடைத்ததில்லை. ஆண்டுதோறும் அதே ஊர், அதே மாதம் என்று பழகினால்தான் தகப்பன் பார்த்ததை மகன் பார்ப்பான்.

1954-ல் மோன்சாவில் பந்தயம் பார்த்த அகதிச் சிறுவன் உலக சாம்பியன் ஆக 24 ஆண்டுகள் பிடித்தன. அன்று அவனால் அந்தப் பந்தயத்தைப் பார்க்க முடிந்தது. மயாமியிலோ லாஸ் வேகாஸிலோ அப்படி ஒரு ஏழைச் சிறுவன் வேலிக்கு உள்ளே நுழைய இன்று வழி இருக்கிறதா? பார்முலா-1 நிர்வாகம் கோடிக்கணக்கான டாலர் கணக்குகளுக்கு நடுவே இந்தச் சின்னக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது.